மழைக்காலத்தில் மலைக்குப் போகலாமா?

ஆஷாட மாதத்துச் சுக்கில பக்ஷச் சதுர்த்தசியன்று நம் முனிவர்களும் ஆரியாங்கனைகளும் வர்ஷயோகம் ஏற்கின்றனர். அன்று தொடங்கித் தீபாவளி வரை, அதாவது மகாவீரர் முக்தி எய்திய அந்த விடியற்காலை வரை, அவர்கள் ஓரூரிலேயே தங்குகின்றனர். மற்ற எட்டு மாதங்களும் வெறுங்காலால் நடந்தே நாடெங்கும் செல்பவர்கள், இந்த நான்கு மாதங்கள் மட்டும் நடையை நிறுத்தி விடுகின்றனர். மழையில் நனையாமலிருப்பதற்காக அவர்கள் தங்குவதாகச் சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. பசியையும் வெயிலையும் கொசுக்கடியையும் பொறுத்துக்கொள்பவர்களுக்கு மழை ஒரு பொருட்டாகாது. முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து புல் முளைக்கிறது, பாசி படர்கிறது, எறும்பும் மண்புழுவும் நத்தையும் தவளைக் குஞ்சும் வெளியே வருகின்றன. நான்கு முழ நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கும் முனிவருக்கும் அக்காலத்தில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. ஆகவே அவர் கால் வையாமல் இருந்துவிடுகிறார். வர்ஷயோகத்தின் உட்பொருள் இதுவேயாகும்.

இது துறவறத்தார்க்கு உரிய விதி. இல்லறத்தாராகிய நமக்கு இதில் பங்கு ஏதேனும் உண்டா? இக்கேள்வியை ஏடுகளைப் படிக்கும்போது நாம் எழுப்பிக்கொள்ளவில்லை. 2024-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், செங்கற்பட்டில் உள்ள நம் வீட்டுக் கூடத்தில் அது தானாக எழுந்தது. வாசகர்கள் வீட்டிலும் ஏதோ ஒரு வடிவத்தில் எழுந்திருக்கும் என்னும் எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் ஆடி மாதம் மழைக்காலம் அன்று. நமக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவதாகும். ஆடியில் கொளவாய் ஏரிக் காற்றும் வெப்பமாகவே வீசும். அதே ஆடியில் மேற்கே நிலைமை வேறு. அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகி மழையாகப் பொழிகிறது. மழைக்காலத்து மலையில் நாம் மூடுபனி என்று கண்டு மகிழ்வது பெரும்பாலும் மலைமேல் இறங்கித் தவழும் மேகமே ஆகும். ஆகவே சமவெளியில் புழுங்கிக்கொண்டிருப்பவர்களின் மனம் அந்நாள்களில் மலையை நாடுவதில் வியப்பில்லை.

நம் பேரன் ஓர் அலுவலகத்தில் கணினிப் பணி செய்கிறான். வாரத்தில் ஐந்து நாள் அவனைக் காண்பதே அரிது. அவன்தான் ஆகஸ்டு 3, 4 ஆகிய சனி, ஞாயிறுகளில் குடும்பத்தோடு வயநாடு சென்று வரலாம் என்று ஏற்பாடு செய்தான். “பாட்டி, நீங்களும் கட்டாயம் வரவேண்டும். கதவைத் திறந்தால் மேகம் அறைக்குள் வருமாம்” என்றான். வர்ஷயோகம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது என்பது நமக்கு நினைவிருந்தது. ஆயினும் நாம் மறுக்கவில்லை. மேகம் மூடிய மலையைக் கண்டு நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆசை நமக்கும் இருந்தது. விடுதிக்கு உரிய முன்பணத்தை நம் ஓய்வூதியத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தோம்.

ஜூலை 30, செவ்வாய்க்கிழமை விடிவதற்குமுன், வயநாட்டில் மேப்பாடியை அடுத்த முண்டக்கை, சூரல்மலை என்னும் ஊர்களின்மேல் மலை சரிந்து விழுந்தது. இரண்டு நாள்களில் 500 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்திருந்தது. சேறும் பாறையும் மரங்களும் ஆற்று வழியே இறங்கி, உறங்கிக்கொண்டிருந்த வீடுகளை வாரிச் சென்றன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொலைக்காட்சியில் அச்செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது நம் வீட்டில் எழுந்த முதற் கேள்வியை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். “முன்பணம் திரும்பக் கிடைக்குமா?” என்பதே அக்கேள்வி. அதனைக் கேட்டவன் பேரன் அல்லன், மருமகளும் அல்லள். நாமே கேட்டோம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு நீதி போதித்த வாயிலிருந்து அச்சொல் வந்தது. கேட்ட மறுகணமே நா கூசியது. வீட்டில் எவரும் நம்மைக் குறை கூறவில்லை. அவர்கள் மனத்திலும் அதே கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அந்த வாரம் நாங்கள் வயநாடு செல்லவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உறவினர் ஒருவர் தொலைபேசியில், “வர்ஷயோக காலத்தில் போகவேண்டாம் என்று தர்மமே தடுத்துவிட்டது பாருங்கள்” என்றார். அச்சொல் நமக்குப் பொறுக்கவில்லை. மாண்டவர்கள் உல்லாசப் பயணம் வந்தவர்கள் அல்லர். பெரும்பாலோர் அவ்வூர்க் குடிமக்களும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பத்தினரும் ஆவர். நம்மை எச்சரிப்பதற்காக அவர்கள் மண்ணுக்குள் புதைந்தார்கள் என்று எண்ணுவது தர்மமாகாது. அது கொடிய எண்ணம். அன்றியும், நம்மைத் தடுத்தது தர்மமும் அன்று. உயிர்மேல் உள்ள அச்சமே தடுத்தது. அச்சத்தால் நின்றதை அருளால் நின்றதாகக் கணக்கு எழுதிக்கொள்ளலாமா?

பிள்ளைகளின் மனம் வாடியிருந்ததால், அந்தச் சனிக்கிழமை மாலை திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றோம். கடற்கரைக்குப் போகுமுன், அருச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தின்முன் நின்றோம். அதனைக் கங்கை இறங்கும் காட்சி என்று கூறுவாரும் உளர். நம் சமூகத்தார் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு கருத்தும் உண்டு. ஆராய்ச்சி அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி, ‘மகாபலிபுரத்து ஜைன சிற்பம்’ என்னும் நூலில், இச்சிற்பம் அஜிதநாதர் காலத்துச் சகர சக்கரவர்த்தியின் மைந்தர்களது கதையைக் காட்டுவது என்று வாதிட்டார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அன்று அக்கதை நம் நினைவுக்கு வந்தது. கயிலை மலைமேல் உள்ள ஜினாலயங்களைக் காக்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்துடன் அம்மைந்தர்கள் மலையைச் சுற்றி அகழி தோண்டிக் கங்கை நீரை நிரப்பப் புகுந்தனர். அங்கே நாகத்தால் மாண்டனர் என்றும் மயங்கி வீழ்ந்தனர் என்றும் புராணங்கள் வேறுபடக் கூறும். மண்ணுக்குக் கீழேயும் வாழ்வோர் உண்டு என்பதை நினைக்காமல், மேலே நின்று மலையை வெட்டுவோருக்கு இக்கதையில் ஒரு பாடம் உள்ளது. 2011-ஆம் ஆண்டில் மாதவ் காட்கில் தலைமையிலான அறிஞர் குழு, மேற்குத் தொடர்ச்சி மலையை வெட்டுவதற்கும் கட்டடங்கள் எழுப்புவதற்கும் எல்லை வேண்டும் என்று அரசுக்கு அறிக்கை அளித்ததும் ஏறக்குறைய இதே எச்சரிக்கையாகும்.

அச்சிற்பத்தில் ஒரு பூனை உண்டு. முன்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தி, தவசியைப் போலவே நிற்கிறது. அதன் அருகே எலிகள் அச்சமின்றித் திரிகின்றன. பத்து வயதுப் பேத்தி அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, “பாட்டி, இந்தப் பூனை நிஜமாகவே திருந்திவிட்டதா? இல்லை, எலி பக்கத்தில் வரட்டும் என்று நிற்கிறதா?” என்று கேட்டாள்.

“நிற்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது, கண்ணு. எலி கைக்கு எட்டும்போதுதான் தெரியும்” என்றோம். சொல்லி முடித்ததும் அச்சொல் நம்மையே சுட்டியது. வயநாட்டுப் பயணத்தை விட்ட நாமும் அப்பூனையைப் போலத்தான் நின்றுகொண்டிருந்தோம். மலை அமைதியாகி, சாலை சீராகி, விடுதிக்காரர் மீண்டும் அழைக்கும்போது என்ன செய்வோம் என்பதில்தான் நம் விரதம் இருக்கிறது.

கடற்கரை மணலில் அமர்ந்து பேரனிடம் இதனைச் சொன்னோம். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைப் பின்பற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு அநர்த்த தண்ட விரதத்தை விதிக்கின்றன. பயன் ஏதுமின்றி உயிர்களுக்குத் துன்பம் விளைப்பதிலிருந்து விலகுதல் என்பது அதன் பொருள். அதில் பிரமாத சரியை என்று ஒன்று கூறப்படுகிறது. வீணாக மண்ணைக் கிளறுவதும், நீரைச் சிந்துவதும், தீ மூட்டுவதும், செடிகொடிகளைக் கிள்ளுவதும் அதில் அடங்கும். வீணாக அலைவதும் பிறரை அலையச் செய்வதும் அதில் அடங்கும். உழவன் உழும்போதும் இல்லாள் சமைக்கும்போதும் நேரும் ஹிம்சை வேறு. பொழுது போகவில்லை என்பதற்காக நேரும் ஹிம்சை வேறு. முன்னதை முழுதும் தவிர்க்க நம்மால் இயலாது. பின்னதைத் தவிர்க்க இயலும்.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாட்டி, ஆவணியில் நீங்கள் மகளிர் சங்கத்தோடு பேருந்தில் சிரவணபெளகொளாவுக்குப் போகிறீர்களே! ஏறியிருப்பவர்கள் யாத்திரை போகிறார்களா, உல்லாசம் போகிறார்களா என்று பேருந்துச் சக்கரத்துக்குத் தெரியுமா? அதன் கீழே அகப்படும் தவளைக்குத்தான் தெரியுமா?” என்று கேட்டான்.

நாம் விடை கூற முயன்றோம். எண்ணத்தைப் பொறுத்தே வினை அமையும் என்பது நம் சமயத்தின் அடிப்படைகளுள் ஒன்று. யாத்திரையில் பக்தி உண்டு, பயன் உண்டு. ஆகவே அது அநர்த்தம் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தொடங்கும்போதே பழைய நிகழ்ச்சி ஒன்று தடுத்தது.

1979-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். கிராமப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு நாம் ஆசிரியை. இயற்கையைப் புத்தகத்தில் காட்டாமல் நேரில் காட்டிக் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றிருந்தோம். நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, முப்பது பிள்ளைகளை ஊருக்கு அருகில் இருந்த குன்றுக்கு அழைத்துச் சென்றோம். கண்காட்சிக்காக ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்று கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். சிவப்புப் பட்டுத் துணியைக் கிள்ளிப் போட்டது போன்ற தம்பலப்பூச்சிகள் ஈரமண்ணில் எங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. மழை பெய்த சில நாள்கள் மட்டுமே அவை மண்ணுக்கு மேலே வரும். பிள்ளைகள் அவற்றைத் தீப்பெட்டிகளில் அடைத்து எடுத்து வந்தனர். திங்கட்கிழமை காலை மேசைமேல் தீப்பெட்டிகளைத் திறந்தபோது, பெரும்பாலானவை உலர்ந்து கிடந்தன. ஒரு சிறுமி இரண்டு கைகளாலும் தன் பெட்டியை ஏந்திக்கொண்டு வந்து, “டீச்சர், மறுபடியும் அங்கேயே விட்டா பிழைச்சிக்குமா?” என்று கேட்டாள். பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்களாகிய நாம், வடிகட்டாத நீரைப் பருகாதவர்களாகிய நாம், அவளுக்கு விடை சொல்லவில்லை.

அன்றும் பயன் இருந்தது. கல்வியினும் சிறந்த பயன் எது? ஆகவே நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. கண்ணும் காலும் கையும் விழிப்போடு இருத்தல் வேண்டும். காலமும் இடமும் அறிதல் வேண்டும். பேரனின் கேள்விக்கு அன்று கடற்கரையில் நாம் சொன்ன விடை, “நீ கேட்டது சரி” என்பது மட்டுமே. அவ்வாண்டு ஆவணி யாத்திரையிலிருந்து நம் பெயரை நீக்கச் சொன்னோம். சங்கத்து மூத்த உறுப்பினர் சிலர் வருந்தினர். “சுவாமி தரிசனத்திற்கும் தடையா?” என்று கேட்டனர். தடையன்று, பகவான் தை மாதத்திலும் அங்கேதான் நிற்கிறார் என்று கூறினோம்.

இதனால் மழையில் எவரும் வெளியே செல்லலாகாது என்று நாம் சொல்லவில்லை. சூரல்மலையில் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, நம் சென்னைப் பொறியியற் படைப்பிரிவினர் கொட்டும் மழையில் 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை இரவு பகலாக உழைத்து ஆகஸ்டு 1-ஆம் நாள் முடித்துக் கொடுத்தனர். அதே மலை, அதே மழை, அதே சேறு. அவர்கள் வைத்த காலடியின் கீழும் சிற்றுயிர்கள் மாய்ந்திருக்கும். ஆயினும் அதனை அநர்த்தம் என்று கூற யாருக்கு நா எழும்? பிணியாளரைக் காணவும், பிழைப்புக்காகவும், துன்பத்தில் இருப்பவரைத் தூக்கவும் செல்வோர் செல்லத்தான் வேண்டும். மற்றைய பயணங்களையே நாம் இங்குப் பேசுகிறோம்.

பேரன் இன்னொன்றும் கேட்டான். எல்லோரும் போகாமல் இருந்தால் மலையில் தேநீர்க் கடை வைத்திருப்பவரும் வாடகை வண்டி ஓட்டுபவரும் எப்படிப் பிழைப்பார்கள் என்பது அவன் கேள்வி. அதுவும் அருளிலிருந்து எழுந்த கேள்வியே. போகவே கூடாது என்பதன்று. காலம் பார்த்துப் போகவேண்டும் என்பதே நம் கருத்து. மழைக்காலம் மலைக்குக் கருவுற்ற காலம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊதா நிறத் தவளை ஒன்று உண்டு. 2003-ஆம் ஆண்டில்தான் அறிவியலார் அதற்குப் பெயரிட்டு உலகிற்கு அறிவித்தனர். ஆண்டு முழுவதும் மண்ணுக்கு அடியில் வாழும் அது, மழை தொடங்கும் சில நாள்களில் மட்டும் இணை தேடி வெளியே வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வாசற்படி தாண்டும் அவ்வுயிரின் வழியில், வாரத்துக்கு ஒருமுறை ஊர் சுற்றும் நாம் வண்டியை ஓட்டவேண்டுமா? தையிலும் மாசியிலும் அதே தேநீர்க் கடையில் நாம் தேநீர் பருகலாமே!

இனி ஓர் ஐயம் எஞ்சுகிறது. வர்ஷயோகம் தீபாவளியோடு நிறைவு பெறுகிறது. செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் மழை அப்போதுதான் தொடங்குகிறது. அப்படியானால் நம் மண்ணில் வாழும் உயிர்களுக்கு யார் விரதம் காப்பது? இதற்கு விடை நம் மாவட்டத்திலேயே உள்ளது. வேடந்தாங்கல் ஏரிக்கு வடகிழக்கு மழையோடு நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்து, நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. அவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டதாகவும், 1798-இல் செங்கற்பட்டு கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் அவ்வேரிக்குக் காப்பு அளித்ததாகவும் வரலாறு கூறுகிறது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதால் அவர்களுக்கு நன்மை உண்டு என்பதும் உண்மையே. ஆயினும் பட்டாசுக்கு ஏங்கும் ஒரு சிறுவனை அடக்கி வைக்க, உரக் கணக்கு மட்டும் போதாது. வந்தவை தம் விருந்தினர் என்னும் எண்ணம் தலைமுறை தலைமுறையாக அவ்வீடுகளில் வளர்ந்திருக்கிறது. அவர்கள் நம் சமயத்தார் அல்லர். பஞ்சாங்கத்தைப் பார்த்தும் அவர்கள் விரதம் ஏற்பதில்லை. வந்திருக்கும் உயிர்களைப் பார்த்து ஏற்கின்றனர். இல்லறத்தார் ஏற்கத்தக்க வர்ஷயோகம் என்றே அதனை நாம் கருதுகிறோம்.

எல்லை இடுவது இன்று அரசுக்கும் அவசியமாகிவிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார இறுதி நாளொன்றுக்கு நீலகிரிக்கு 8,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 6,000 வண்டிகள் என்று வரம்பும் இடப்பட்டது. வெளியார் இடும் எல்லையை எப்படிக் கடப்பது என்றே மனம் வழி தேடும். தானே இட்டுக்கொள்ளும் எல்லையை மனம் காவல் காக்கும். நம் முன்னோர் திக் விரதம் என்றும் தேச விரதம் என்றும் வகுத்தவை இத்தகைய எல்லைகளே. இத்தனை காலத்திற்கு இவ்விடத்தைத் தாண்டேன் என்று சிராவகர் ஒருவர் ஏற்றுக்கொண்டால், எல்லைக்கு அப்பால் வாழும் உயிர்கள் அனைத்திற்கும் அவர் அபயம் அளித்தவர் ஆகிறார். மழைக்காலத்தில் பொழுதுபோக்குக்காக நெடும்பயணம் செல்வதில்லை என்னும் சிறு விரதத்தை நம் குடும்பங்கள் ஏற்றால் என்ன? ஏற்பவர்கள் பிறரைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஏற்காதவர்களை இகழவும் வேண்டியதில்லை. முன்பணத்தைப் பற்றி முதலில் கேட்ட நமக்கு அந்த உரிமை இல்லை.

2025-ஆம் ஆண்டு தை மாதத்தில், மழை ஓய்ந்து மண் உலர்ந்தபின், குடும்பத்தோடு மலைக்குச் சென்றோம். மதுராந்தகத்தை அடுத்த ஆனந்தமங்கலத்துக் குன்றே நாம் சென்ற மலை. முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஜினகிரிப்பள்ளி என்று குறிக்கப்படும் இடம் அது. மேகம் இல்லை, குளிரும் இல்லை. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களின் நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். பேத்தி எறும்புச் சாரையைச் சுற்றிக்கொண்டு நடந்ததை நாம் பார்த்தோம், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவ்வாண்டு ஆடியில் பேரனின் நண்பர்கள் வால்பாறைக்குப் புறப்பட்டனர். அஞ்சுவதற்கு ஏதும் இல்லாத வாரம் அது. அவன் செல்லவில்லை. “எனக்காகவா இருந்துவிட்டாய்?” என்று கேட்டோம். “பாதி உங்களுக்காக, பாட்டி” என்றான். மற்றப் பாதி எதற்காக என்று நாம் கேட்கவில்லை.